எம்.எஸ். வந்த வீட்டில் சமையலும் நடையும் வெயிலும்: குடியாத்தத்திலிருந்து ஒரு வழிகாட்டி

எம்.எஸ். (மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ் என்ற நரம்பு நோய்) என்று ரிப்போர்ட் வந்த வீட்டில் முதல் வாரத்திலேயே இரண்டு விதமான பேச்சு கிளம்பிவிடும். "ஊசி மருந்து போதும், சாப்பாட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை" என்பார் ஒருவர். "அந்த மருந்தெல்லாம் விட்டுடுங்க, டயட்டிலேயே சரியாயிடும்" என்பார் இன்னொருவர். நான் இரண்டையும் ஏற்றுக்கொள்ளவில்லை. குடியாத்தத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். எனக்கு இந்த நோய் வந்து பல வருஷம் ஆகிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வேலூர் போய் மருந்து ஏற்றிக்கொள்கிறேன். அந்த மருந்தை விடாமலேயே சமையல், நடை, தூக்கம் எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டேன். எந்த டாக்டர்களின் ஆராய்ச்சியைப் பார்த்து மாற்றினேன், அதை நம்ம ஊர்ப்பக்கச் சமையலுக்கும் வாழ்க்கைக்கும் எப்படிக் கொண்டுவருவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நோயைப் பற்றி இரண்டு வரி. மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ் என்பதன் சுருக்கம்தான் எம்.எஸ். மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்பு இழைகளைச் சுற்றி மயலின் என்ற உறை இருக்கிறது. நம் உடம்பின் எதிர்ப்பு சக்தியே அந்த உறையைத் தாக்கிவிடுகிறது. எந்த இடத்து நரம்பு அடிபடுகிறதோ அதைப் பொறுத்துப் பார்வை மங்கும், கை மரத்துப்போகும், கால் இழுக்கும், காரணமே இல்லாமல் அசதி வரும். பெரும்பாலும் 20 வயதுக்கும் 40 வயதுக்கும் நடுவில் ஆரம்பிக்கும். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம்.

முதலில் மூன்று டாக்டர்கள்

ராய் ஸ்வாங்க் என்ற அமெரிக்க நரம்பியல் டாக்டர் 1948இல் கனடாவின் மான்ட்ரீல் நரம்பியல் நிறுவனத்தில் எம்.எஸ். நோயாளிகளின் சாப்பாட்டைக் கவனிக்க ஆரம்பித்தார். அதே நிறுவனத்தில் வைல்டர் பென்ஃபீல்ட் என்ற நரம்பு அறுவை சிகிச்சை நிபுணரிடம் பயின்ற ஜேக்கப் சாண்டிதான் 1949இல் வேலூர் சி.எம்.சி.யில் இந்தியாவின் முதல் நரம்பு அறுவை சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். நான் மருந்து ஏற்றிக்கொள்ளப் போகிற ஊருக்கும் நான் பின்பற்றுகிற சாப்பாட்டு முறைக்கும் இப்படி ஒரு தொடர்பு இருப்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

ஸ்வாங்க் குழு நார்வே நாட்டில் ஒன்றைக் கவனித்தது. மலைப்பக்கம் மாடு வளர்த்து வெண்ணெயும் பாலும் நிறையச் சாப்பிடுகிற விவசாயிகளிடம் எம்.எஸ். அதிகமாக இருந்தது. கடலோரத்தில் மீன் சாப்பிடுகிறவர்களிடம் குறைவாக இருந்தது. அந்த ஆய்வு 1952இல் வெளிவந்தது. அப்புறம் அவர் 144 நோயாளிகளை நிறைவுற்ற கொழுப்பு (நெய், வெண்ணெய், தேங்காயில் நிறைய இருக்கிற வகை) குறைந்த சாப்பாட்டில் வைத்து 34 வருஷம் தொடர்ந்து பார்த்தார். 1990இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் அதன் முடிவு வந்தது. அந்தக் கொழுப்பை நாளுக்கு 20 கிராமுக்குள் அடக்கியவர்கள் அதற்கு மேல் சாப்பிட்டவர்களைவிடக் குறைவாகவே முடங்கினார்கள், இறப்பும் குறைவாக இருந்தது. ஒரு மனிதர் இத்தனை வருஷம் அதே நோயாளிகளின் சாப்பாட்டுக் கணக்கைக் கைவிடாமல் வைத்திருந்தார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் அவர் மேல் மரியாதை கூடுகிறது.

ஆனால் அந்த ஆய்வில் ஒரு பெரிய குறை உண்டு, அதைத் தெரிந்துகொண்டுதான் பின்பற்ற வேண்டும். சாப்பாட்டை மாற்றாத இன்னொரு கூட்டத்தைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து அவர் ஒப்பிடவில்லை. நோய் முற்றியவர்களால் பத்தியத்தைத் தொடர முடியாமல் போயிருக்கலாம். அப்படியானால் சாப்பாட்டால் உடம்பு நன்றாக இருந்ததா, உடம்பு நன்றாக இருந்ததால் பத்தியம் நிலைத்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. யார் வந்து "இந்த உணவில் குணமாச்சு" என்று சொன்னாலும் இதே கேள்வியைக் கேளுங்கள்: யாரோடு ஒப்பிட்டீர்கள்? எத்தனை பேர், எத்தனை நாள்? நடுவில் விட்டுப்போனவர்கள் என்ன ஆனார்கள்? கூடவே மருந்தும் ஓடிக்கொண்டிருந்ததா?

அடுத்தவர் ஜார்ஜ் ஜெலினெக். ஆஸ்திரேலியாவில் அவசர சிகிச்சைப் பேராசிரியர். அவருடைய அம்மாவுக்கும் எம்.எஸ். 1999இல் அவருக்கே வந்தது. அதற்குப் பிறகு முழு மூச்சாக இந்த ஆராய்ச்சியில் இறங்கி, மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஒரு பிரிவை நடத்தினார். அவருடைய முறையில் காய்கறி, தானியம், மீன், ஆளி விதை எண்ணெய், வெயில், வைட்டமின் டி, உடற்பயிற்சி, தியானம் எல்லாம் உண்டு. தேவைப்பட்டால் மருந்து என்பதும் அந்தப் பட்டியலிலேயே இருக்கிறது. அவர் பெயரைச் சொல்லி மருந்தை நிறுத்தச் சொல்பவர்கள் அந்த வரியை மட்டும் விட்டுவிடுகிறார்கள். அவருடைய குழு ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 2,500 பேரிடம் கேள்வித்தாள் மூலம் விவரம் சேகரித்தது. நல்ல சாப்பாடும் நடையும் உள்ளவர்கள் மேலாக இருப்பதாகத் தெரிந்தது. இங்கேயும் நான் மேலே சொன்ன கேள்வியை மறக்க வேண்டாம்.

மூன்றாவது டெர்ரி வால்ஸ், அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக டாக்டர். 2000இல் எம்.எஸ். என்று தெரிந்து, 2003இல் சாய்வு சக்கர நாற்காலிக்குப் போனவர், பிறகு சைக்கிள் ஓட்டும் அளவுக்கு மீண்டார். வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி "காய்கறி சாப்பிட்டே எழுந்து நடந்தார்" என்று முடிந்துவிடும். கூடவே அவர் உடற்பயிற்சி செய்தார், தசைகளுக்கு மின்தூண்டல் சிகிச்சையும் எடுத்தார் என்பது அதில் வராது.

ஸ்வாங்க் முறையும் வால்ஸ் முறையும் பல இடங்களில் எதிரும் புதிரும். ஸ்வாங்க் ஆட்டுக்கறி, மாட்டுக்கறியைக் குறைக்கச் சொல்கிறார், அரிசி கோதுமைக்குத் தடை சொல்லவில்லை. வால்ஸ் கறியை அனுமதிக்கிறார், தானியத்தையும் பருப்பையும் ஒதுக்கச் சொல்கிறார். இரண்டையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த ஆய்வு 2021இல் வெளியானது. இரண்டு பக்கத்தாருக்குமே அசதி குறைந்தது. நான் யோசித்த வரைக்கும், எதிரெதிரான இரண்டு முறையிலும் அசதி குறைகிறது என்றால் இரண்டுக்கும் பொதுவானதைத்தான் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டும். காய்கறியும் கீரையும் நிறைய, பாக்கெட் தின்பண்டமும் பொரித்ததும் ரொம்பக் குறைவு. பருப்பையும் அரிசியையும் விட்டுவிட்டு நம்ம வீட்டில் என்ன சமைப்பது? நான் விடவில்லை.

சமையலறையில்

எம்.எஸ். வந்தவருக்குத் தனிச் சமையல் வைக்காதீர்கள். இரண்டு மாதத்தில் சமைப்பவர் களைத்துப்போவார், சாப்பிடுபவருக்குக் குற்ற உணர்ச்சி வந்துவிடும். வீட்டுக்கே ஒரே சமையல் வையுங்கள். பிரியப்பட்டவர்கள் மேலே நெய் ஊற்றிக்கொள்ளட்டும்.

எண்ணெயைவிட முதலில் பாலைப் பாருங்கள். ஆவின் ஆரஞ்சு பாக்கெட்டில் 6 சதவீதம் கொழுப்பு. அதில் அரை லிட்டர் என்றால் 30 கிராம், பெரும்பகுதி நிறைவுற்ற கொழுப்பு. நீல பாக்கெட் 3 சதவீதம், அப்படியே பாதி. பாக்கெட்டின் நிறத்தை மாற்றுவதற்குச் சமையலில் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை என்பதால் இதை முதல் மாற்றமாக வைத்துக்கொள்வது சுலபம். காபி கொஞ்சம் தண்ணியாகத் தெரியும், சில நாளில் நாக்கு பழகிவிடும்.

அடுத்தது தேங்காய். தேங்காய்த் துருவல் 100 கிராமில் ஏறக்குறைய 30 கிராம் நிறைவுற்ற கொழுப்பு இருக்கிறது. தினம் இட்லிக்குத் தேங்காய்ச் சட்னி அரைக்கிற வீட்டில் நெய்யைக் குறைத்து மட்டும் பிரயோஜனமில்லை. நம்ம பக்கம் வேர்க்கடலைக்குப் பஞ்சமில்லை. கடலைச் சட்னி, தக்காளிச் சட்னி, புதினாத் துவையல் என்று மாற்றி மாற்றிப் போட்டால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். நெய் ஒரு பெரிய ஸ்பூனில் 8 கிராமுக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. "ஒரு ஸ்பூன் நெய்யில இன்னாம்மா ஆயிடப் போவுது?" என்று என் மாமியார் கேட்டபோது, "நீங்க ஊத்திக்குங்க அத்தை, எனக்கு ரசமே போதும்" என்று சொல்லிவிட்டேன். அதற்கு மேல் வாதம் வேண்டாம். பெரியவர்கள் ஆசையாக ஊற்றுவதுதான் அது.

செக்கில் ஆட்டிய கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ ஒருவருக்கு மாதம் அரை லிட்டர் என்று கணக்கு வைத்துத் தனி பாட்டிலில் ஊற்றிவிடுங்கள். நாளுக்குச் சுமார் 15 கிராம் வரும். கடலை எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்குதான் நிறைவுற்ற கொழுப்பு, ஆக 3 கிராம் மட்டுமே. மாதக் கடைசிக்கு முன்னால் பாட்டில் காலியானால் எங்கே போயிருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

எண்ணெய்க் கத்திரிக்காயை விட எனக்கு மனசு வரவில்லை. இலவம்பாடிப் பக்கத்து முள்ளு கத்திரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடே கொடுத்துவிட்டார்கள், அதைச் சாப்பிடாமல் வேலூர் பக்கத்தில் இருந்து என்ன பயன். செய்முறையை இப்படி மாற்றினேன். காம்போடு நான்காகக் கீறி, உப்பும் மஞ்சளும் தடவி, இட்லிப் பானையில் ஆறேழு நிமிஷம் ஆவியில் வைப்பேன். கத்தி தடையில்லாமல் இறங்கினால் போதும், குழையக்கூடாது. வறுத்த வேர்க்கடலை, எள், மல்லி, மிளகாய் எல்லாம் சேர்த்து அரைத்த மசாலாவைக் கீறலுக்குள் அடைத்து வைத்துவிட்டு, இரும்புக் கடாயில் இரண்டு ஸ்பூன் எண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை தாளித்து, சின்ன வெங்காயம் வதக்கி, நீர்க்கப் புளி கரைத்து ஊற்றி, கொதி வந்ததும் காயை மெல்ல இறக்கிச் சின்னத் தீயில் விடுவேன். கடலையும் எள்ளும் கக்குகிற எண்ணெயே ஓரத்தில் மினுமினுவென்று வந்து நிற்கும். வெறும் எண்ணெயில் காயை வதக்குகிற வேலையே இல்லை.

ஆம்பூர்க் கல்யாணத்துக்குப் போனால் பிரியாணியைக் கொஞ்சமாக வைத்து, கத்திரிக்காயையும் வெங்காயப் பச்சடியையும் நிறைய வாங்கிக்கொள்ளுங்கள். ஆற்காடு மக்கன் பேடா நெய்யும் கோவாவும்தான். வருஷத்தில் ஒரு நாள் ஒன்று சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது, டப்பாவோடு வீட்டில் வைக்காதீர்கள்.

வெயில்

மேலே சொன்ன மூன்று டாக்டர்களில் ஜெலினெக்கைத் தவிர மற்ற இருவரும் குளிர் தேசத்துக்காரர்கள். வேலூர் மாவட்டத்தின் வெயிலுக்கு நாம்தான் வழி பார்த்துக்கொள்ள வேண்டும். எம்.எஸ். உள்ள பலருக்கு உடம்பின் சூடு அரை டிகிரி ஏறினாலே பார்வை மங்கும், கால் கனக்கும். அடிபட்ட நரம்பில் சூடு ஏறினால் செய்தி போவது தடைபடுகிறது. உடம்பை வருத்தி வேலை செய்தால் பார்வை மங்குவதை ஊத்ஹோஃப் என்ற ஜெர்மன் கண் டாக்டர் 1890லேயே எழுதிவைத்திருக்கிறார். ஸ்கேன் இல்லாத காலத்தில் நோயாளியை வெந்நீர்த் தொட்டியில் உட்காரவைத்து, அறிகுறி கூடுகிறதா என்று பார்த்துத்தான் நோயைக் கண்டுபிடிப்பார்களாம்.

இந்த மங்கல், உடம்பு குளிர்ந்தால் போய்விடும். புதிதாக நரம்பு அடிபட்டதாக அர்த்தமில்லை. ஆகையால் பயப்படாமல் முதலில் உடம்பைக் குளிரவையுங்கள்: நிழல், ஈரத்துண்டு கழுத்தில், ஐஸ் தண்ணீர் மடக்கு மடக்காக, கால் இரண்டும் குளிர்ந்த நீர் வாளியில். காய்ச்சலும் சிறுநீர்த் தொற்றும் இதே மாதிரி காட்டும், அதையும் பார்க்க வேண்டும். காய்ச்சலோ தொற்றோ இல்லாமல் ஒரு புது அறிகுறி 24 மணி நேரத்துக்கு மேல் நின்றால் அது வேறு. அப்போது காத்திருக்காமல் டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

என் கடையில் அயர்ன் பாக்ஸ்தான் பெரிய எதிரி. துணி அயர்ன் செய்வதை எல்லாம் காலை ஏழு மணிக்குள் முடிக்கிறேன். மத்தியானம் வெட்டுகிற வேலையும் பட்டன் கட்டுகிற வேலையும் மட்டும். வீட்டிலும் அதே மாதிரி, சித்திரை வைகாசியில் அடுப்பு வேலை விடிகாலையிலேயே முடிந்துவிட வேண்டும். மத்தியானத்துக்குக் கேழ்வரகுக் கூழும் மோரும் இருந்தால் அடுப்பே பற்றவைக்க வேண்டாம். மார்கழியிலும் நான் வெந்நீர் குளிப்பதில்லை, வெதுவெதுப்போடு சரி. நடக்கப் போவதற்கு முன்னால் குளிர்ந்த தண்ணீரில் குளித்துவிட்டுப் போனால் கூடுதல் தூரம் நடக்க முடிகிறது.

எங்க ஊர்க் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வைகாசி முதல் தேதி, கத்திரி வெயிலின் நடுவில் வரும். போக வேண்டாம் என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன், நானே போகிறேன். விடிகாலையில் அம்மன் சிரசு (தலை) ஊர்வலமாகப் புறப்படும்போதே பார்த்துவிட்டு, வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுங்கள். துணைக்கு ஒருவர், கையில் ஈரத்துண்டு, திரும்பி வர ஆட்டோவுக்கு முன்னாலேயே சொல்லிவைத்தல்.

பெண்களுக்கு ஒன்று. பஸ்ஸில் அவசரமாக வந்துவிடுமே என்று தண்ணீர் குடிப்பதை நிறுத்தாதீர்கள். தண்ணீர் குறைந்தால் சிறுநீர்த் தொற்று, தொற்று வந்தால் கால் இழுக்கும். கிளம்புவதற்கு முன்னால் போய்விட்டு வந்து, இறங்கும் இடத்தில் கழிப்பறை எங்கே என்று தெரிந்துவைத்துக்கொண்டு, தாராளமாகக் குடியுங்கள். அடக்க முடியாமல் இருந்தால் டாக்டரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள், அதற்கு மருந்து இருக்கிறது.

நடை, வைட்டமின், பீடி

எம்.எஸ். என்றால் படுத்து ஓய்வெடு என்றுதான் ரொம்பக் காலம் சொல்லிவந்தார்கள். இப்போது உடற்பயிற்சி செய்யச் சொல்கிறார்கள், அசதிக்கும் நடைக்கும் அது உதவுவதை ஆய்வுகள் காட்டிவிட்டன. வேலூர்க்காரர்களுக்குக் கோட்டை அகழி ஓரம் இருக்கிறது, எங்களுக்குப் பள்ளிக்கூட மைதானம். விடிகாலை ஐந்து மணி, முடிந்த தூரம், நடுவில் உட்கார ஒரு இடம். கால் இழுக்க ஆரம்பிப்பதற்கு முன்னால் திரும்ப வேண்டும், வந்த தூரம் திரும்பிப் போகவும் வேண்டுமே. வீட்டில் நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பது, இரண்டும் போதும் ஆரம்பத்துக்கு. முறையாகக் கற்றுக்கொள்ள ஒரு பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள். விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த பிறகும் சக்கர நாற்காலியிலிருந்தே அறுவை சிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸ், வேலூரில் மறுவாழ்வு மையத்தைக் கட்டி எழுப்பியவர். இந்த ஊரில் அந்த வேலைக்கு நீண்ட வரலாறு உண்டு.

வைட்டமின் டி விஷயத்தில் பெரிய ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. ஆனால் குறைபாடு இருந்தால் சரிசெய்ய வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. இவ்வளவு வெயில் அடிக்கிற ஊரிலும் உள்ளேயே உட்கார்ந்து வேலை செய்பவர்களுக்குக் குறைவாகத்தான் இருக்கிறது. ரத்தப் பரிசோதனை செய்து, டாக்டர் சொல்லும் அளவில் எடுங்கள். மருந்துக்கடையில் 60,000 யூனிட் மாத்திரையை நீங்களாகவே வாங்கி மாதக்கணக்கில் போட்டால் ரத்தத்தில் கால்சியம் ஏறிவிடலாம். அப்போதே பி12யையும் பார்த்துவிடுங்கள், அது குறைந்தாலும் கை கால் மரத்துப்போகும்.

பீடி, சிகரெட் இந்த நோயை வேகமாக்கும், இதில் டாக்டர்களுக்குள் இரண்டு கருத்து இல்லை. பக்கத்தில் இருப்பவர் விடுகிற புகையும் நல்லதில்லை. என் வீட்டுக்காரர் எனக்காகப் பீடியை விட்டார். சாப்பாட்டில் நான் செய்த எந்த மாற்றத்தையும்விட இதைப் பெரிதாக நினைக்கிறேன்.

நோட்டுப் புத்தகம்

ஒரே மாதத்தில் எல்லாவற்றையும் மாற்றினால் எது உதவியது என்று தெரியாது. ஒன்றை மாற்றி, சில வாரம் விட்டு, அடுத்தது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரே நேரத்தில் அளந்து எழுதுங்கள். ஆஸ்பத்திரியில் 25 அடி நடக்கவைத்து நேரம் பார்ப்பார்கள், ஒன்பது குழிப் பலகையில் குச்சி சொருகச் சொல்வார்கள். வீட்டில் நான் ஐந்தடித் தையல் டேப்பை ஐந்து முறை வைத்து வாசலில் சாக்பீஸால் கோடு போட்டிருக்கிறேன், போன் கடிகாரத்தில் நேரம் பார்ப்பது என் மகள். கைக்கு ஊசியில் நூல் கோர்ப்பது. அதே ஊசி, அதே நூல், அதே ஜன்னல் வெளிச்சம். நல்ல வாரத்தில் நூல் முதல் முயற்சியிலேயே காதில் நுழையும், மோசமான வாரத்தில் நுனியை எச்சில் தொட்டு முறுக்கி முறுக்கிப் பிரிந்துபோகும். தையல் தெரியாதவர்கள் சட்டையில் ஐந்து பட்டன் போட எவ்வளவு நேரம் என்று பார்க்கலாம். ஆஸ்பத்திரி அளவுகளில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் நேரம் கூடினால் டாக்டர்கள் அதைக் கவனிக்க வேண்டிய மாற்றமாக எடுத்துக்கொள்கிறார்கள். உங்கள் வீட்டுக் கணக்கிலும் அப்படிக் கூடி, அடுத்த வாரமும் இறங்காமல் இருந்தால் போன் செய்யுங்கள்.

கூடவே எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், பத்துக்கு எவ்வளவு அசதி, அன்றைக்கு வெயில் எப்படி, அந்த வாரம் புதிதாக என்ன மாற்றினீர்கள். அவ்வளவுதான், ஒரு வாரத்துக்கு நாலு வரி.

டாக்டரைப் பார்க்கப் போகும்போது நோட்டை முழுதாக நீட்டாதீர்கள், வெளியே கூட்டம் காத்திருக்கும். கடந்த ஆறு மாதத்தை ஒரே பக்கத்தில் எழுதி, மேலே மூன்று கேள்வி மட்டும் போடுங்கள். நீங்கள் எடுக்கிற மூலிகைப் பொடி, ஆளி விதை எண்ணெய், வைட்டமின் எல்லாவற்றின் பெயரையும் அளவோடு கீழே எழுதுங்கள், மறைக்க வேண்டாம். சாப்பாட்டை மாற்றியிருப்பதையும் நீங்களாகவே சொல்லுங்கள். எடை குறைந்திருக்கிறதா என்று அவர்கள் பார்ப்பார்கள், மருந்தோடு எது சேராது என்றும் சொல்வார்கள். அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போனால், ஒன்றை ஆஸ்பத்திரி ஃபைலில் வைக்கச் சொல்லிக் கொடுத்துவிடலாம்.